நான் குங்குமம் கொட்டிய மைல்கல்

"அங்கே ஒரு அதிசயக் கல் இருக்கிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?" என்று இப்போது யாராவது கேட்டால் எனக்கு உள்ளங்காலில் பிடித்து உச்சந்தலை வரை எரியும். பார்த்தவரைக்கும் போதும் சாமி. கல்யாணமாகி விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்ததிலிருந்து யுத்தம் முடிகிற வரைக்கும் நான் கோவிலுக்குப் போனதைவிடக் கல்லுக்கும் கிணற்றுக்கும் பாலத்துத் தூணுக்கும் போனதுதான் அதிகம். காரணம் ஒன்றே ஒன்று. எனக்குப் பிள்ளை இல்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. அவருடைய அம்மா, அதாவது என் மாமியார், கிராமத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒரே மகனோடு வந்து இருந்தாள். அம்மாவுக்கு வேண்டுதல் பைத்தியம். பிள்ளைக்கு வேடிக்கைப் பைத்தியம். எந்த ஊரில் எந்தக் கல் ராத்திரியில் அழுகிறது, எந்த மரம் வெட்டினால் ரத்தம் விடுகிறது என்று அவள் கேட்டுக்கொண்டு வருவாள். "அப்படியா? போய்ப் பார்த்துடலாமே" என்று இவர் லீவு எழுதிக் கொடுத்துவிடுவார். நடுவில் மாட்டிக்கொண்டு வெயிலில் வேகிறவள் நான்.

முதலில் ஆற்றுப் பாலம். அந்த ரயில்வே பாலத்தில் ஒரு தூண் எத்தனை தரம் கட்டினாலும் நிற்கவில்லையாம். கடைசியில் ஒரு நிறைமாதக்காரியை உயிரோடு அஸ்திவாரத்தில் இறக்கிய பிறகுதான் நின்றதாம். அந்தத் தூணை நான் ஈரப் புடவையோடு சுற்ற வேண்டும்.

"புள்ளத்தாச்சியைப் பொதைச்ச தூணை நான் ஏன் அத்தே சுத்தணும்?" என்று கேட்டேன்.

"அவ வயித்துல இருந்தது வெளிய வர்றதுக்கு வழி தேடிக்கினு கீது. உன் வயித்தைப் பார்த்தா பூந்துக்கும். வாயை மூடிக்கினு சுத்து."

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். ரயில்வேயில் வேலை செய்கிற மனுஷர், பாலம் எப்படி நிற்கிறது என்று தெரிந்தவர், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? அவர் தூணின் அடியில் குந்திக்கொண்டு, நகத்தால் காரையைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுண்ணாம்புல வெல்லமும் கடுக்காயும் கலந்திருப்பாங்க போல" என்றார். நான் ஈரப் புடவையோடு மணலில் கால் புதையப் புதையச் சுற்றினேன்.

அடுத்தது திருவக்கரைப் பக்கத்துக் கல்மரம். மரம் மரமாகக் கிடக்கிறது, தொட்டால் கல். பட்டை தெரிகிறது, கணு தெரிகிறது, நடுவயிரம்கூடத் தெரிகிறது. அதிசயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அசுரனுடைய எலும்பாம். அம்மன் அவனை வெட்டிப் போட்டதில் கல்லாகிவிட்டதாம். சரி, கிடந்துவிட்டுப் போகட்டும். அதில் ஒரு துண்டைக் கொண்டுவந்து அம்மியில் உரைத்துப் பாலில் கலந்து குடித்தால் வயிறு திறக்கும் என்று எந்தப் புண்ணியவதியோ மாமியார் காதில் போட்டுவிட்டாள். நறநறவென்று பல்லில் கடிபட, அசுரன் எலும்பைக் குடித்தேன். வயிறு திறந்தது நிஜம், நான்கு நாள் மூடவே இல்லை.

கண்டமங்கலம் ரோட்டில் ஒரு பாழுங்கிணறு. பிள்ளை இல்லாதவள் குனிந்து "அம்மா" என்று கூப்பிட வேண்டுமாம். திரும்ப "அம்மா" என்று வந்தால் பிள்ளை உண்டாம். எந்தக் கிணறுதான் திருப்பிச் சொல்லாது? எருமையைக் கொண்டுவந்து கத்த விட்டாலும் சொல்லும். இத்தனையும் தெரிந்துதான் குனிந்தேன். கூப்பிட்டேன். அடியிலிருந்து "அம்மா" என்று வந்தது. என் தொண்டைதான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அப்படி ஒரு குரல் என்னைப் பார்த்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "அழுவுறா பாரு, பலிச்சிடும்" என்று மாமியார் சந்தோஷப்பட்டாள். எனக்கு அவளைக் கிணற்றில் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

பலிக்கவில்லை. ஒரு நாள் காலையில் நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே அம்மாவும் பிள்ளையும் பேசுவது காதில் விழுந்தது.

"வம்சம் நின்னுடும்டா. நான் கண்ணை மூடறதுக்குள்ள ஒண்ணைப் பார்க்கணும். விக்கிரவாண்டிக்கு அந்தாண்ட ஒரு பொண்ணு கீது. கல்யாணத்துல பார்த்தேன். லட்சணமா கீது. அவளையும் கட்டிக்கோ. இவ ஒரு மூலையில இருந்துட்டுப் போவட்டும், யாரு வேணாம்ன்னாங்க?"

கையில் துணியோடு நின்றேன். இவர் என்ன சொல்லப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரிம்மா" என்றார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாலும் அவர் அதே குரலில்தான் சரிம்மா என்பார். அன்றைக்குச் சாயங்காலம் நான் முகத்துக்கு நேரே கேட்டேன். "அம்மா சும்மா சொல்றாங்க. அவங்க மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேன்" என்றார். "என் மனசு?" என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார். பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் அவர் கண்ணாடிக்கு உடனே அழுக்குப் பிடித்துவிடும். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்கள். நான் அரசையும் சுற்றியாயிற்று, வேம்பையும் சுற்றியாயிற்று. புருஷனை நம்பலாமென்றால் அவர் கண்ணாடி துடைக்கிறார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்தப் பேச்சே இல்லை. சரி, விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் மாமியார் தேன் ஒழுகப் பேசிக்கொண்டு வந்தாள்.

"திண்டிவனம் போற ரோட்டுல ஒரு சுமைதாங்கிக் கல்லு கீதாம். கெர்ப்பத்தோட செத்துப்போனவ பேருல நட்டதாம். அதுக்குப் பாலு ஊத்தி, ரவிக்கைத் துண்டு சாத்தி, மஞ்ச குங்குமம் வச்சா கையோட பலன். கடைசியா இது ஒண்ணு பார்த்துடலாம்மா."

சுமைதாங்கியை எல்லோருக்கும் தெரியும். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமை தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ள. வயிற்றுச் சுமையோடு செத்தவளின் பாரம் அப்படியாவது இறங்கட்டும் என்று வீட்டார் நடுவது. செத்தவளுக்கே கொடுத்து வைக்காததை அவள் எனக்கு எங்கிருந்து தருவாள்? ஆனாலும் "கடைசியா" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சம்மதித்தேன். போனால் இதோடு தொலையும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

யுத்தகாலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸெல்லாம் அடுப்புக்கரியில் ஓடின. பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு, கொஞ்சம் மேடு வந்தால் போதும், நின்றுவிடும். விக்கிரவாண்டியைத் தாண்டியதும் எங்கள் பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் இறங்கி நீளக் கம்பியால் அடுப்பைக் கிண்ட ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் இறங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றோம். மாமியார் ஒரு கூடையை விடாமல் இடுப்பிலேயே வைத்திருந்தாள். பால் சொம்பு என் கையில்.

அப்போது பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் குடையை மடக்கிக்கொண்டே வந்தார்.

"அடடே, வாங்க சம்மந்தியம்மா! பொண்ணு வூட்டுல காலையிலேர்ந்து காத்துக்கினு கீறாங்க. மூத்ததையும் கையோட இட்டாந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. அது கையால தட்டைக் குடுத்துட்டா பின்னால ஒரு பேச்சு வராது பாருங்க."

ஆள் பெண் வீட்டுத் தரகர். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இரண்டாந்தாரம் பேசப் போகும்போது மூத்தவள் தன் கையாலேயே பெண்ணுக்குத் தாம்பூலத் தட்டைக் கொடுத்துவிட்டால் அவளுக்குச் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் அவள் பஞ்சாயத்துக்கும் போக முடியாது, பிறந்த வீட்டிலும் போய் அழ முடியாது. நீதானேம்மா தட்டு கொடுத்தே என்று கேட்பார்கள். சுமைதாங்கியாவது மண்ணாங்கட்டியாவது. என்னை அங்கே நிறுத்தி, நாலு பேர் முன்னால் தட்டைக் கையில் திணித்துவிடலாம் என்றுதான் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். "மூத்தது" என்கிறார் அந்த ஆள். நான் என்ன மாடா?

கூடையைப் பிடுங்கித் துணியை விலக்கினேன். பித்தளைத் தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு கிண்ணம் நிறையக் குங்குமம், கதம்பம், சிவப்பு ரவிக்கைத் துண்டு, அடியில் மடிப்புக் கலையாத புதுப் புடவை. சுமைதாங்கிக் கல்லுக்கு எதற்குப் பதினாறு முழப் புடவை?

"உங்களுக்குத் தெரியுமா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் அந்தக் கரி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. புளியமரத்துப் பக்கத்தில் ஒரு மைல்கல் இருந்தது. சுண்ணாம்பு அடித்து, கறுப்பில் திண்டிவனம் என்று எழுதி, கீழே மைல் போட்ட சாதாரணக் கல். நேரே அதனிடம் போனேன். "இந்தா, நீயே கட்டிக்கோ ரெண்டாந்தாரத்தை!" என்று கத்திக்கொண்டே சொம்புப் பாலை அதன் தலையில் ஊற்றினேன். குங்குமக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். மஞ்சள், பூ, வெற்றிலை எல்லாவற்றையும் அள்ளி அதன் மேலேயே வீசினேன். ரவிக்கைத் துண்டு காற்றில் பறந்துபோய்க் கல்லின் தோளில் விழுந்து ஒட்டிக்கொண்டது. தாம்பாளம் உருண்டு சாலையோரப் பள்ளத்தில் விழுந்தது. புடவையை மட்டும் மாமியார் பாய்ந்து காப்பாற்றிக்கொண்டாள்.

ஜனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கண்டக்டர் கம்பியைக் கையில் பிடித்தபடி என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்து, அவ்வளவு நேரம் மக்கர் செய்த பஸ் தடதடவென்று உறுமிக்கொண்டு கிளம்பியது. கரி பிடித்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். கண்டக்டர் மட்டும் கம்பியைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாங்கள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. சகுனம் கெட்டுவிட்டது என்று மாமியார் அங்கேயே திரும்பிவிட்டாள். என் வீட்டுக்காரர் பள்ளத்தில் இறங்கித் தாம்பாளத்தை எடுத்து, மேல்துண்டால் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வீடு வந்து சேர்ந்ததும் மாமியார் ஒரே வார்த்தையில் முடித்தாள்.

"தை வரைக்கும் பார்ப்பேன். தை பொறந்தா தட்டை நீ குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, கல்யாணம் நடக்கும்."

அவர் மறுபடியும் "சரிம்மா" என்றாரா என்று எனக்குத் தெரியாது. நான் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டேன்.

ஆனால் அந்தக் கல் சும்மா இருக்கவில்லை. மறுநாள் அந்தப் பக்கம் போன வண்டிக்காரர்கள் என்ன பார்த்திருப்பார்கள்? பால் வடிந்து காய்ந்த கல், நெற்றி முழுக்கக் குங்குமம், தோளில் சிவப்புத் துணி, காலடியில் பூ. நம் ஜனத்துக்கு இது போதாதா? ஒருத்தன் இறங்கிக் கும்பிட்டிருப்பான். அடுத்தவன் கற்பூரம் ஏற்றியிருப்பான். அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு ரோட்டு வேலைக்காரர்கள் எப்போதும்போல எல்லா மைல்கல்லுக்கும் பொட்டு வைத்தவர்கள் அதற்கு மட்டும் பெரிய மாலையாகப் போட்டார்கள். சுண்ணாம்பு அடிக்கிறவன் அதன் மேல் மட்டையை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். எழுத்தும் மைலும் மஞ்சளில் மறைந்துபோய், திண்டிவனம் இன்னும் எத்தனை தூரம் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

குவார்ட்டர்ஸ் குழாயடியில்தான் எனக்குச் சேதி வந்தது. விக்கிரவாண்டி ரோட்டில் ஒரு அம்மன் பூமியைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறாளாம். முந்தின நாள் வரை அங்கே கல்லே கிடையாதாம். அவள் கையைக் காட்டினால் பஸ் நிற்குமாம், கண்ணைக் காட்டினால் கிளம்புமாம். பிள்ளை வரம் கொடுக்கிறாளாம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் என்னிடமே சொல்கிறார்கள்! எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மாமியார் காதுக்கு எட்டாமல் இருக்குமா? மார்கழி பிறந்ததும் ஆரம்பித்தாள்.

"ரொம்ப சக்தியாம். தை வர்றதுக்குள்ள இவளையும் பார்த்துடலாம். அதுக்கு மேல என் மேல கொறை சொல்லாதே."

"அத்தே, அது நான் கொட்டின குங்குமம். நீங்க கூட நின்னு பார்த்தீங்க. அது மைலு கல்லு."

"வாயிலியே போட்டுக்கோ. சாமியைப் பத்திப் பேசற பேச்சா இது?"

"சாமி இல்லை அத்தே. என் ஆத்திரம். நான்தான் கொட்டினேன்."

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ கொட்டலே. அவ உன்னைக் கொட்ட வச்சா" என்றாள்.

இதற்கு யாரால் என்ன பதில் சொல்ல முடியும்? கோர்ட்டில் வக்கீல்கூட இதற்கு மேல் பேச மாட்டார். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "போய்த்தான் பார்த்துட்டு வாங்களேன், எப்படி இருக்குன்னு" என்றார் ஆவலாக. அவருக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. அதில் அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

மாமியாரும் நானும் போனோம். அதே கரி பஸ், அதே கண்டக்டர். ஆனால் மனுஷர் இப்போது நெற்றியில் பட்டையாகக் குங்குமம் வைத்திருந்தார். கூட்டத்தில் எங்களை அடையாளம் தெரியவில்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"அம்மன் கதை தெரியாதவங்க கேட்டுக்குங்க. என் கண்ணால பார்த்தது. ஒரு கெழவி, மருமவ உசுரோட கீறப்பவே, பையனுக்கு ரெண்டாந்தாரம் கட்டணும்னு தாம்பாளத்த எடுத்துக்கினு இதே வண்டியில வந்தா. அம்மனுக்குப் பொறுக்குமா? வண்டியை நிறுத்திட்டா. கெழவி கையிலேர்ந்து தாம்பாளம் தானா எகிறி வானத்துல சுத்திச்சு. குங்குமம் மழையாக் கொட்டிச்சு. இந்தப் பாவத்த என் எல்லையில செய்யாதேன்னு ஒரு கொரலு. அப்புறம்தான் வண்டி கெளம்பிச்சு."

"கெழவிக்கு என்ன ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"இன்னா ஆவும்? கண்ணு அவிஞ்சுபோச்சு" என்றார் கண்டக்டர், கொஞ்சமும் தயங்காமல்.

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மாமியார் இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்துகொண்டு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தாள். "நல்லா வேணும் அவளுக்கு" என்று ஒருத்தி சொன்னாள். "பொம்பளையா அவ, பேயி" என்று இன்னொருத்தி. பஸ் முழுக்க ஆளுக்கு ஒரு சாபம். பத்து வருஷம் நான் மனசுக்குள் வைத்துப் பூட்டியதையெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் அவள் காது கேட்கத் திட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் குளுகுளுவென்றிருந்தது, பொய் சொல்வானேன்?

இறங்கியதும் மாமியார் முந்தானையை உதறிச் செருகினாள். "அது வேற யாரோ கெழவி" என்று என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, கற்பூரம் வாங்கக் கடைப்பக்கம் போனாள். ஆமாம், கடைகூட வந்துவிட்டிருந்தது.

என் மைல்கல்லை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மேலே கீற்றுக் கொட்டகை. புளியங்கிளையெல்லாம் ரவிக்கைத் துணிக் கிழிசல்கள். கல் மஞ்சளில் மூழ்கிப் பருத்துப்போயிருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் என்னைப்போலக் கையில் பிள்ளை இல்லாதவர்கள். மீதிப்பேர் எதற்கு வந்திருந்தார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கிளையில் துணி கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு எட்டவில்லை. தாவணி போட்ட வயசு. மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிவிட்டு நேரே வந்திருப்பாள்போல, காலெல்லாம் செம்மண். கிளையை வளைத்துப் பிடித்துக்கொடுத்தேன்.

"உனக்கு எதுக்குடி இந்த வயசுல பிள்ளை வரம்?" என்றேன், எரிச்சலாகத்தான்.

"புள்ளைக்கு இல்லக்கா. என்னை ரெண்டாந்தாரமா குடுக்கப் பேசிக்கினு கீறாங்க. இந்த அம்மனுக்கு அது ஆவாதுன்னு சொன்னாங்க. அதான் ஓடியாந்தேன்."

"எந்த ஊருக்குக் குடுக்கறாங்க?"

"விழுப்புரம். ரயில்வேயில வேலையாம். மொதப் பொண்டாட்டி கீறாங்க. அவங்களுக்குப் புள்ளை இல்லியாம்."

கிளை என் கையிலிருந்து விடுபட்டுப் படாரென்று மேலே போயிற்று. அவள் முகத்தைப் பார்த்தேன். லட்சணமாகத்தான் இருந்தாள். இத்தனை மாதம் நான் முகம் தெரியாமல் கரித்துக்கொட்டிய முகம். கன்னத்தில் ஒரு பரு. அழுது வீங்கிய கண்.

"அந்த ஆளு செத்துப் போவணும்னு வேண்டிக்கினியா?" என்று கேட்டேன்.

"ஐயய்யோ, இல்லக்கா!" பதறிப்போனாள். "அந்த அக்காவுக்கு ஒரு புள்ளை குடு தாயேன்னு வேண்டிக்கினேன். அவங்களுக்குப் பொறந்துட்டா என்னை வுட்டுடுவாங்க இல்ல? செவ்வாக்கெழமை தவறாம வந்து அவங்களுக்காகத்தான் கேட்டுக்கினு கீறேன்."

தூணைச் சுற்றினேன், எலும்பைக் குடித்தேன், கிணற்றில் கத்தினேன். எல்லாம் எனக்காக நான், அல்லது வம்சத்துக்காக மாமியார். எனக்குப் பிள்ளை வேண்டும் என்று எனக்காகக் கேட்ட ஒரே ஜீவன், என் இடத்துக்கு வரப்போகிறவள். கேட்டதும் எதனிடம்? என் ஆத்திரத்தில் நான் பால் ஊற்றிய மைல்கல்லிடம்.

அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. திரும்பினேன். மாமியார் எரிகிற கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, கற்பூரம் பாதி கரைந்திருந்தது. அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் அவளைப் பார்த்தாள். கல்யாணத்தில் தன்னைப் பார்த்துவிட்டுப் போன கிழவி, கூட நான். புரிந்துகொண்டுவிட்டாள். தாவணி நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள்.

"யாரும்மா, தெரிஞ்சவங்களா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்டாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டரின் கதையைக் கேட்டுவிட்டு அதே பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்.

மாமியார் தட்டைக் கல்லின் முன்னால் வைத்தாள். கும்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, "பொழுதோட வூட்டுக்குப் போம்மா. ஒனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். பிறகு என்னிடம், "வா, பஸ்ஸு வந்துடும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பேச்சை வுட்டுடுடா. அம்மனுக்கு இஷ்டமில்லே."

கவனியுங்கள். எனக்கு இஷ்டமில்லை என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அழுதேன், பட்டினி கிடந்தேன், கூடையைக் கவிழ்த்தேன். அந்தப் பெண்ணுக்கும் இஷ்டமில்லை. இரண்டு பொம்பளைகளின் இஷ்டம் யார் காதிலும் ஏறவில்லை. ஒரு மைல்கல்லின் இஷ்டம் என்றதும் வீடே அடங்கிவிட்டது.

இவர் என்ன சொன்னார் என்கிறீர்கள்?

"சரிம்மா."

அதே குரல். அன்றைக்குக் கொல்லையில் நின்று நான் கேட்ட அதே சரிம்மா. சாப்பாடு போடும்போது நான் கேட்டேன். "அந்தக் கல்லு குறுக்கே வராம இருந்திருந்தா, தை மாசம் நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், இலையில் சோறு ஆறிப்போகும் வரை துடைத்தார்.

அந்தப் பெண்ணை அடுத்த ஆவணியில் அவள் ஊரிலேயே ஒரு பையனுக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மாமியார் காலமாகிவிட்டாள், சாகிற வரைக்கும் கண் நன்றாகத் தெரிந்தது. கல் அங்கேயேதான் இருக்கிறது, இப்போது ஓட்டுக் கொட்டகை. எப்போதாவது அந்தப் பக்கம் போனால் அந்தப் பெண் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக வந்து நிற்பாள். "இன்னும் உங்களுக்காகக் கேட்டுக்கினுதான் கீறேன்க்கா" என்பாள். எனக்கு வயசாகிவிட்டதுடி என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள். அவளிடம் மட்டும் எனக்குக் கோபம் வருவதில்லை.

இவர் ரிட்டயராகி வீட்டில் இருக்கிறார். வேடிக்கைப் பைத்தியம் மட்டும் போகவில்லை. போன வாரம்கூட, "செஞ்சிப் பக்கம் ஒரு பாறை இருக்காம். தட்டினா மணி மாதிரி சத்தம் வருதாம். போய்ப் பார்த்துட்டு வரலாமா?" என்று கேட்டார்.

"மொதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அப்புறம் பாறையைத் தட்டலாம்" என்றேன்.

எந்தக் கேள்வி என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.